முதலிடத்தில் வைத்தது நான்தான்

மூன்றே வரியில் ஒரு மின்னஞ்சல். "ஐயா, மேசை விளக்குகள் பற்றிய உங்கள் கட்டுரையில் மேலே உள்ள பட்டியலில் முதலிடம் கொடுத்திருக்கும் விளக்கைப் பற்றி, கீழே 'மூட்டு தளர்ந்து தலை தொங்கிவிடுகிறது, அதனால் மூன்றாமிடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது சரி? நான் இன்று வாங்க வேண்டும்." எழுதியவருக்குக் கோபமில்லை, கிண்டலும் இல்லை. வாங்கப் போகிறவருக்கு இருக்கும் அவசரம் மட்டும் தெரிந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பட்டியலைப் புதுப்பித்தபோது முதல் வரியையும் மூன்றாம் வரியையும் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறேன். திருத்த இரண்டு நிமிடம் ஆனது. ஆனால் அந்தத் தவறு எப்போது நடந்தது என்று தேடிப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பொருள்களுக்கு மதிப்புரை எழுதி, அதில் இருக்கும் லிங்க் வழியாகப் போய் யாராவது வாங்கினால் கமிஷன் பெறும் பிழைப்பு என்னுடையது. மேசையும் மேசைமேல் இருப்பவையும் என் பிரிவு: விளக்கு, விசைப்பலகை, ஹெட்போன், மைக், நாற்காலி, கேபிள்களை அடக்கி வைக்கும் சின்னச் சின்ன சாமான்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதில் எழுதுவது சிரமம் என்று தோன்றும். எழுத்து எப்படியோ வந்துவிடும். எதைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்வதில்தான் மண்டை உடையும். ஒரு நாற்காலியைப் பற்றி யோக்கியமாக நான்கு வரி சொல்ல வேண்டுமானால் அதில் ஒரு மாதமாவது உட்கார்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் எல்லா நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் இடுப்பு பேசத் தொடங்கும். ஓர் ஆண்டில் இப்படி எத்தனை பொருளைச் சோதித்துவிட முடியும்? தேர்வு தவறினால் கைக்காசோடு ஒரு மாதமும் சேர்ந்து போகிறது.

ஆரம்பத்தில் மனம் போன போக்கில் தேர்ந்தெடுத்தேன். இரண்டாகப் பிரித்துத் தோள் அகலத்துக்கு விரித்து வைக்கும் விசைப்பலகை ஒன்றில் மயங்கி, ஆறு வாரம் அதிலேயே தட்டிப் பழகி, நீளமாக ஒரு மதிப்புரை எழுதினேன். நான் எழுதியவற்றில் இன்றும் எனக்குப் பிடித்தது அதுதான். நிறையப் பேர் படித்தார்கள், பாராட்டினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. அதே மாதம் தூக்கக் கலக்கத்தில் அரைப்பக்கம் எழுதிப் போட்ட கேபிள் கிளிப் வாரம் தவறாமல் விற்றுக்கொண்டிருந்தது. இதே தொழிலில் இருக்கும் நண்பனிடம் புலம்பினேன். அவன் சிரித்தான். "உன் ரசனைக்கு யார் காசு கொடுக்கப் போகிறார்கள்? போன வருஷத்து விற்பனைக் கணக்கைத் திற. எது விற்றதோ அதன் அண்ணன் தம்பிகளைப் பற்றி எழுது. முன் ஏர் போன வழியே பின் ஏர் போகட்டும்." அவன் என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறவன். கேட்டுக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை ஆன கதை

பன்னிரண்டு மாதத்து அறிக்கையை எக்செல்லில் இறக்கி உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாள் இருட்டில் கல்லெறிந்துகொண்டிருந்தவனுக்கு யாரோ விளக்கைப் போட்டதுபோல் இருந்தது. அதில் கற்றுக்கொண்டவற்றை இன்றும் மறுக்க மாட்டேன். எத்தனை விற்றது என்பதை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளிக்கால் வகுத்துப் பார்க்க வேண்டும். 200 பேர் கிளிக் செய்து 5 பேர் வாங்கிய பொருள் பட்டியலில் மேலே நிற்கும். 40 பேர் கிளிக் செய்து 3 பேர் வாங்கியது கீழே கிடக்கும். வாங்கும் மனத்தோடு ஆட்கள் வருவது இரண்டாவதற்குத்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 3 என்பது சின்ன எண். அடுத்த 40 பேரில் ஒருவரும் வாங்காமல் போனாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தச் சின்ன எண்களை நம்பிப் பெரிய முடிவு எடுத்துச் சூடு பட்டவர்கள் இந்தத் தொழிலில் அதிகம்.

ஒரு மாதத்தில் மேசை விளக்கு திடீரென்று எகிறியிருந்தது. ஆகா, விளக்குக் காலம் பிறந்துவிட்டது என்று குதூகலித்தேன். நாள் வாரியாகப் பிரித்தபோது ஒரே நாளில் ஒரே விளக்கு 12 போயிருந்தது. ஏதோ ஓர் அலுவலகம் மொத்தமாக வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியைத் தள்ளிவிட்டால் அது சாதாரண மாதம். இன்னொன்று, திரும்பி வந்த பொருள்கள். பல கமிஷன் திட்டங்களில் ஆர்டர் வேறு, அனுப்பப்பட்டது வேறு, திருப்பி அனுப்பப்பட்டது வேறு என்று மூன்று இடத்தில் கணக்கு இருக்கும். ஆர்டர் வந்த நாளில் நமக்குப் பெருமை. திரும்பி வந்தது பல வாரம் கழித்து, வேறொரு மாதத்தின் அறிக்கையில், கழித்தல் குறியோடு தலை காட்டும். ஆர்டர் பட்டியலை மட்டும் பார்த்துப் பொருள் தேர்ந்தெடுப்பவன், மணவறையை மட்டும் பார்த்துவிட்டுத் தாம்பத்தியத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறவன். என் கணக்கில் நன்றாக விற்ற ஒரு மைக், திரும்பி வந்ததிலும் முன்னணியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பிறகு, வேறு எதுவும் மாறாமல் இருக்கும்போதே கமிஷன் மாறும். 2020 ஏப்ரலில் அமேசான் தன் அமெரிக்கத் திட்டத்தில் அறைகலன், வீட்டுச் சீரமைப்புப் பொருள்கள் ஆகியவற்றுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கைப் பார்த்து, நாற்காலிகளையும் மேசைகளையும் நம்பி அடுத்த ஆண்டைத் திட்டமிட்டவர்களின் தாள் ஒரே நாளில் பழைய தாளாகிவிட்டது. அதனால் தாளில் வருமானத்தை ஒரு நெடுவரிசையிலும் எண்ணிக்கையை வேறொரு நெடுவரிசையிலும் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. வருமானத்தில் மூன்று பேரின் முடிவு கலந்திருக்கிறது: வாங்கியவர், விலை வைத்தவர், கமிஷன் விகிதம் வைத்தவர். எண்ணிக்கை ஓரளவு வாங்கியவரை மட்டும் காட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் அந்த மின்னஞ்சல் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொந்தக் கணக்கு போதாது என்று, விற்பனைத் தளங்கள் எல்லோருக்கும் காட்டும் ஊர்க்கணக்கையும் பார்த்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பலர் அதில்தான் வழுக்கி விழுகிறார்கள். கிளிக்பேங்க் என்ற கமிஷன் விற்பனைத் தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் 'கிராவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். பெரிய எண் என்றால் நிறைய விற்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது விற்பனை எண்ணிக்கையே இல்லை. கடந்த 12 வாரத்தில் அந்தப் பொருளில் ஒரு கமிஷனாவது பெற்ற தனித்தனி விற்பனையாளர்கள் எத்தனை பேர் என்பதை, அண்மையில் பெற்றவருக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுவது அது. ஒன்று விற்றவரும் நூறு விற்றவரும் அதில் ஓர் ஆள்தான். அந்த எண் காட்டுவது வாங்க நிற்கும் கூட்டத்தை என்று நினைத்து உள்ளே போனால், எதிரே நிற்பது நம்மைப்போலவே விற்க வந்த கூட்டம். வேறு சில இடங்களில் 100 கிளிக்குக்குச் சராசரி வருமானம் என்று காட்டுவார்கள். நூறு பேரில் ஒருவர் பல ஆண்டாகச் சேர்த்த வாசகர் பட்டியலை வைத்துக்கொண்டு சராசரியைத் தூக்கிப் பிடித்திருப்பார். அந்தச் சராசரியைத் தன் வருமானமாக எண்ணி மீதி 99 பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். பெரிய கடைகளின் விற்பனைத் தரவரிசையும் அந்தந்தப் பிரிவுக்குள் ஒன்றோடொன்று ஒப்பிட்ட இடம்தான். ஆளில்லாத ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரும் பொருள்கள் நிறைய உண்டு.

ஆக, நான் ஏமாளி இல்லை. இதையெல்லாம் படித்து, பிரித்து, கழித்து, வகுத்து, எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஐந்து வாரம்

அந்த ஐந்து வாரத்துக்கு வருகிறேன். வாராவாரம் ஒரு நாள் காலையில் அறிக்கையை இறக்குவது வழக்கம். இரண்டாவது வாரத்தில், அதுவரை பெரிதாக விற்காத ஒரு மேசை விளக்கு லேசாகத் தலை தூக்கியது. மூன்றாவது வாரத்தில் அதுதான் விளக்குகளில் முதல். ஒரே ஆள் மொத்தமாக வாங்கியிருக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள். கிளிக்கால் வகுத்துப் பார்த்தேன். அதிலும் நன்றாகவே இருந்தது. விலை குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. நான் கற்ற வித்தைகள் அனைத்தையும் பிரயோகித்துவிட்டு, "இந்த நிறுவனத்துக்கு வாசகர்களிடம் வரவேற்பு கூடுகிறது" என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். நான்காவது வாரத்தில் அதே நிறுவனத்தின் நின்றநிலை விளக்கை, என் சொந்தக் காசில், அடுத்த மதிப்புரைக்காக ஆர்டர் செய்தேன். நண்பனுக்கும் சொன்னேன். "பார்த்தாயா, கணக்கு பேசுகிறது" என்றான்.

கணக்கு பேசத்தான் செய்தது. என் குரலில் பேசியது. நான் கைதவறி மேலே ஒட்டிய வரியை வாசகர்கள் என் பரிந்துரை என்று எடுத்துக்கொண்டு வாங்கினார்கள். அவர்கள் வாங்கியதை நான் அவர்களின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பொருளை வாங்கினேன். நடுவில் அந்த விளக்கின் மூட்டு தளர்வது மாறவே இல்லை. அது தளர்கிறது என்று எழுதியவனும் நான்தான். அந்த வரி அதே பக்கத்தில், திரையை நான்கு முறை தள்ளினால் வரும் இடத்தில், அப்படியே இருந்தது. ஒருவர் மட்டும் அதுவரை தள்ளிப் படித்துவிட்டு எனக்கு எழுதினார்.

அன்று இரவு பழைய அறிக்கைகளை மறுபடியும் திறந்தேன். இந்த முறை வேறு நெடுவரிசை ஒன்று சேர்த்தேன்: ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பொருளும் என் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருந்தது. பழைய பதிப்புகளிலிருந்து அதைத் தேடி எடுத்து நிரப்ப விடிந்துவிட்டது. விற்பனை நெடுவரிசையையும் இட நெடுவரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்று மற்றொன்றின் நிழல். என் விற்பனைக் கணக்கில் ஹெட்போன் ராஜாவாக இருந்தது ஹெட்போனால் அல்ல. அந்தக் கட்டுரைக்கு நான் முகப்பில் பெரிய இடம் கொடுத்திருந்தேன். யாரும் வாங்கவில்லை என்று நான் துக்கம் கொண்டாடிய அந்த விசைப்பலகை மதிப்புரையில், லிங்க் மொத்தமே ஒன்றுதான்; அதுவும் கடைசிப் பத்திக்குக் கீழே. கேபிள் கிளிப்பின் அரைப்பக்கத்தில் மூன்று. வாசகர்களின் ஆசையைப் படிக்கிறேன் என்று இரண்டு ஆண்டாக நான் படித்துக்கொண்டிருந்தது என் சொந்தக் கையெழுத்தை.

இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் செய்த சோதனை ஒன்று 2006 இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேர் இணையத்தில் கேட்டுப் பிடித்ததை இறக்கிக்கொண்டார்கள். சிலருக்கு இதற்கு முன் எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண் காட்டப்படவில்லை. மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, ஒவ்வோர் உலகத்திலும் அந்த உலகத்தின் எண்ணை மட்டும் காட்டினார்கள். எண்ணைப் பார்த்தவர்களின் உலகங்களில் மேலே போனது இன்னும் மேலே போனது. ஆனால் எட்டு உலகத்திலும் ஒரே பாட்டு மேலே போகவில்லை. மிக நல்ல பாட்டுகள் அநேகமாக மோசமாகப் போகவில்லை, மிக மோசமானவை அநேகமாக மேலே வரவில்லை. நடுவில் இருந்தவை எங்கு வேண்டுமானாலும் போயின. சல்கானிக்கும் வாட்ஸும் 2008 இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு எனக்காகவே செய்ததுபோல் இருந்தது: எண்களைத் தலைகீழாக மாற்றிக் காட்டினார்கள். கீழே இருந்தது மேலே என்று பொய் சொன்னார்கள். பல பாடல்களுக்கு அந்தப் பொய் தானே உண்மையாகிக்கொண்டது. மிகச் சிறந்த சில பாடல்கள் மட்டும் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தன. எனக்கு உறைத்தது வேறொரு முடிவு. பொய் எண் காட்டப்பட்ட இடத்தில் மொத்தமாகவே இறக்கிக்கொண்டவர்கள் குறைந்துவிட்டார்கள். கெட்டதை மேலே வைத்தால் கெட்டதைக் கேட்டுவிட்டுச் சிலர் எழுந்தே போய்விடுகிறார்கள். என் ஐந்து வாரத்தில் அப்படி எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த அறிக்கையிலும் வரி கிடையாது.

என் கை படாத வரிகள்

அப்படியானால் பழைய விற்பனைக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா? ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். அறிக்கை இறக்கும் நாளில் இறக்கவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. நான் தள்ளியதால் நகர்ந்த வரிகள்தான் பொய் சொல்கின்றன என்றால், நான் தள்ளாமலே நகர்ந்த வரி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கமிஷன் திட்டங்களில் இருக்கும் ஒரு விநோதம் அதற்கு வழி செய்கிறது. அமேசானின் திட்டத்தில் ஒருவர் நம் லிங்க்கைத் தட்டி உள்ளே போனால், பொதுவாக அடுத்த 24 மணி நேரத்துக்குள் அவர் வாங்குவது நம் கணக்கில் வரும். நாம் காட்டிய பொருளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விளக்கைப் பார்க்கப் போனவர் செருப்பு வாங்கினாலும் கமிஷன் உண்டு. இந்தச் செருப்பு வரிகளை நான் எப்போதும் குப்பை என்று வடிகட்டி எறிந்துவிடுவேன். சிரித்துக்கொள்வதற்கு மட்டும் சில சமயம் பார்ப்பேன். இந்த முறை வடிகட்டியைத் தலைகீழாகப் போட்டேன். லிங்க் கொடுத்த பொருள்களை எல்லாம் மறைத்துவிட்டு, குப்பையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பெரும்பாலும் குப்பைதான். பொம்மை, குடை, ஷாம்பு, யாருடைய வாழ்க்கையோ. ஆனால் ஒரு வகை மட்டும் அவ்வப்போது தலை காட்டியது, மாதாமாதம், யாரும் சொல்லாமலே: ஹெட்போனின் காதுப் பஞ்சு. வெவ்வேறு மாடலுக்கானவை. சிலது நான் கேள்விப்படாத அளவுக்குப் பழைய மாடல்கள். எந்தக் கட்டுரையின் லிங்க் வழியாக உள்ளே போனார்கள் என்று பார்த்தேன். புதிய ஹெட்போன் மதிப்புரை. எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு மேசைமேல் இருந்த என் சொந்த ஹெட்போனைப் பார்த்தேன். எட்டு வருடப் பழசு. இடது காதின் தோல் உரிந்து, கறுப்புச் செதில்கள் சட்டைக் காலரில் ஒட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் புதிது வாங்க வேண்டும் என்று நினைப்பேன். ஒலியில் ஒரு குறையும் இல்லை. உரிந்தது தோல் மட்டும்தான்.

என் வாசகர்களில் சிலர் செய்தது அதுதான். பழையது உரிகிறது என்று புதிது தேடி வந்திருக்கிறார்கள். என் மதிப்புரையைப் படித்திருக்கிறார்கள். கடைக்குள் போய் விலையைப் பார்த்திருக்கிறார்கள். "சே, பஞ்சை மாற்றினால் போதுமே" என்று திரும்பியிருக்கிறார்கள். நான் அவர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. என் கட்டுரையின் எந்த மூலையிலும் காதுப் பஞ்சு என்ற சொல் இல்லை. என்னைத் தாண்டிப் போய் அவர்களே எடுத்த முடிவு அது. அதனாலேயே அந்த வரியை நம்பினேன். இரண்டு ஆண்டுக் கணக்கில் என் விரல் ரேகை இல்லாத வரி அது ஒன்றுதான்.

எழுதினேன். பழைய பஞ்சைக் கழற்றுவது, உள்ளே இருக்கும் கொக்கிகளை உடைக்காமல் தட்டையான பிளாஸ்டிக் சீட்டை நுழைத்து நெம்புவது, வட்டம் என்று நினைத்து வாங்கினால் நீள்வட்டமாக இருப்பது, அசலைவிடத் தடிமனான பஞ்சு போட்டால் காதிலிருந்து ஒலிப்பான் விலகி அடித்தொனி மாறிப்போவது என்று நான்கு ஜோடி வாங்கிப் போட்டுப் பார்த்து எழுதினேன். என் பழைய ஹெட்போனுக்கே ஒன்று பொருந்தியது. இதை எழுதும்போது அதுதான் தலையில் இருக்கிறது. கட்டுரைக்கு வரவேற்பு நன்றாக இருக்கிறது. வருமானம் பரிதாபம். புதிய ஹெட்போன் ஒன்று விற்றால் கிடைப்பதை ஈடுகட்ட எத்தனையோ ஜோடிப் பஞ்சு விற்க வேண்டும். போதாததற்கு, அதைப் படித்துவிட்டுப் புதிது வாங்காமல் போகிறவர்கள் வேறு. நண்பனிடம் சொன்னபோது, "சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாய்" என்றான். கணக்குப்படி அவன் சொல்வதில் தவறில்லை. அதனால் நான் துறவியாகிவிடவில்லை. விற்கும் பொருள்களைப் பற்றித்தான் இன்னும் பாதி நாள் எழுதுகிறேன். வாடகை என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் தேர்வு செய்யும் விதம் மாறியிருக்கிறது. இப்போது தாளில் இட நெடுவரிசை நிரந்தரமாக இருக்கிறது. ஒரு பொருள் மேலே போனால், முதலில் நான் என்ன செய்தேன் என்று பார்க்கிறேன். எந்த லிங்க் வழியாகப் போனார்கள் என்று அறிக்கையில் தெரிய, பட்டியலுக்கு ஒரு குறியீடு, கட்டுரை நடுவில் இருக்கும் லிங்க்குக்கு வேறு குறியீடு என்று பிரித்து வைத்திருக்கிறேன். மேலே தட்டிப் போகிறவர்கள் என் வரிசையை வாங்குகிறார்கள். நடுவில் தட்டுகிறவர்கள் குறைகளையும் படித்துவிட்டுப் போகிறார்கள். எண்ணிக்கையில் இரண்டாமவர் குறைவு, ஆனால் அடுத்த பொருளைத் தேர்வு செய்ய அவர்களைத்தான் கேட்கிறேன். திரும்பி வந்தவற்றுக்கு மூன்று மாதம் காத்திருந்த பிறகே ஒரு மாதத்தின் கணக்கை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறேன். நண்பனுக்கு இது பொறுமையில்லாத தொழிலில் பொறுமை காட்டும் அபத்தமாகத் தெரிகிறது.

ஒரு சோதனையை மட்டும் செய்யவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செய்யக் கை துறுதுறுத்தது. வரிசையை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு, இடம் எவ்வளவு விற்கிறது, பொருள் எவ்வளவு விற்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரே மாதத்தில் விடை கிடைத்துவிடும். அந்தப் பாட்டுச் சோதனையில் மோசமான பாட்டைக் கேட்டவருக்குப் போனது நான்கு நிமிடம். என் பக்கத்தில் மூட்டு தளரும் விளக்கை மேலே பார்த்து வாங்குகிறவர், இருட்டிய பிறகு படிக்க உட்காரும் ஓர் ஆள். ஏற்கெனவே ஐந்து வாரம் தெரியாமல் செய்தாகிவிட்டது. தெரிந்து செய்ய மனம் வரவில்லை. எனக்கு உண்மையிலேயே சமமாகத் தோன்றும் இரண்டு பொருள்கள் கிடைக்கும்போது மட்டும் மாதம் ஒன்றாக மேலே கீழே மாற்றி வைக்கிறேன். அப்படிச் சமமாகத் தோன்றுவது ஆண்டுக்கு இரண்டு முறை நடந்தால் அதிகம்.

விற்பனைக் கணக்கு காட்டும் இன்னொரு ஆசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எது விற்கும் என்று தாள் சொல்லிவிட்ட பிறகு, அதை வாங்கி ஒரு மாதம் பயன்படுத்துவது வீண் வேலையாகத் தோன்றத் தொடங்கும். பெட்டிமேல் இருப்பதையும் பிறர் சொன்னதையும் கலந்து இரண்டு மணி நேரத்தில் எழுதிவிடலாமே என்று. சட்டமும் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது: பொருளைப் பயன்படுத்திய அனுபவமே இல்லாமல் இருப்பதுபோல் காட்டும் மதிப்புரைகளைத் தடை செய்யும் அமெரிக்க ஃபெடரல் டிரேடு கமிஷனின் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய பயம் அந்த மூன்று வரி மின்னஞ்சல்காரர். பொருளைத் தொடாமல் எழுதியிருந்தால், கீழே அந்த மூட்டு பற்றிய வரியே இருந்திருக்காது. முரண்பாடு இல்லாத, சுத்தமான, முழுப் பொய்யாகப் பக்கம் நின்றிருக்கும். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

தவறான கணக்கை நம்பி ஆர்டர் செய்த நின்றநிலை விளக்கு வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியைப் பிரிக்காமல் நான்கு நாள் வைத்திருந்தேன். பிறகு, அந்த விளக்கு செய்த பாவம் என்ன என்று பிரித்தேன். ஐந்து வாரமாக அறை மூலையில் நிற்கிறது. மூட்டு தளரவில்லை. நன்றாகவே இருக்கிறது. அதை எழுதப் போகிறேன், எந்த இடத்தில் வைப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

மின்னஞ்சல் அனுப்பியவருக்கு அன்றே பதில் எழுதியிருந்தேன். தவறு என்னுடையது, கீழே எழுதியிருப்பதுதான் சரி, மேலே இருப்பதைத் திருத்திவிட்டேன், மன்னிக்கவும் என்று. இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து வந்தது: "நன்றி ஐயா. உங்கள் பதில் வருவதற்குள் இரண்டாவது விளக்கை வாங்கிவிட்டேன். அதைப் பற்றி மட்டும் மேலேயும் கீழேயும் நீங்கள் ஒன்றையே சொல்லியிருந்தீர்கள்." அறிக்கையைத் திறந்து அந்த நாளைத் தேடிப் பார்த்தேன். இரண்டாவது விளக்கு ஒன்றுகூட விற்றிருக்கவில்லை. வேறு எங்கோ வாங்கியிருக்கிறார்.